தேறியவர்களுக்குப் பதில் எழுதுகிறவன்

காது இரைச்சல் தேறியவர்களுக்குப் பதில் எழுதுவதைப் போல நல்ல வேலை கிடையாது. சம்பளம் இல்லாவிட்டாலும், வருகிற சேதி எல்லாம் நல்ல சேதி. 2009 ஆடி மாதம் இந்த வேலை எனக்கு வந்த அன்று, கடலூர் மஞ்சக்குப்பம் பிரவுசிங் சென்டரில் இருந்தவர்கள்: கடைக்காரர் ரபீக் பாய், சொந்த ஊர் லால்பேட்டை, பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்த இரண்டு பெண்கள், அவர்களுடைய அப்பா, வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பம் அடிக்க வந்த ஒருவர், மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் நான். ஆக ஆறு பேர். மின்விசிறி மூன்று, அதில் ஒன்று கிறீச்சிடும். அதன் அடியில்தான் நான் உட்காருவேன். ஏன் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். காதுக்குள் சத்தம் வைத்திருக்கிறவர்களுக்கு வெளியே ஒரு சத்தம் எவ்வளவு ஆறுதல் என்று தெரியும்.

நான் படித்தது எட்டாவது. துறைமுகத்துப் பக்கம் ஒரு ஐஸ் ஃபேக்டரியில் இருபத்தேழு வருடம் கம்ப்ரசர் ஓட்டினேன். ஓய்வு பெற்ற பிறகும் அது என் இடது காதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

வேலை கிடைத்த விதம்

காது இரைச்சல் உள்ளவர்களுக்கான எங்கள் குழுவை இணையத்தில் நடத்துகிறவர் செல்வராஜ். விழுப்புரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறார், அவருக்கும் இரைச்சல் உண்டு. அன்று செல்போனில் கூப்பிட்டார். "ஐயா, தேறிட்டேன்னு எழுதுறவங்களுக்கு ஒருத்தரும் பதில் போடறதில்ல. கஷ்டப்படறவங்களுக்கு மனசு வரல. எழுதினவங்களும் ரெண்டு நாள் பாத்துட்டுக் கௌம்பிடறாங்க. நீங்க போடுங்க," என்றார். எனக்குப் போனில் பேசக் கூச்சம். முடியாது என்றால் ஏன் என்று விளக்க வேண்டும். அதைவிடச் சரி என்பது சுருக்கமாக இருந்தது.

அன்றே ஒரு நோட்டு வாங்கினேன். இரண்டு பத்தி. சத்தம் போனவர்கள் ஒரு பத்தி. சத்தம் இருந்தும் அதை மறந்தவர்கள் ஒரு பத்தி. இரண்டாவது பத்திதான் சீக்கிரம் நிறையும் என்று அப்போது எனக்குத் தெரியாது. ரபீக் பாய் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சீக்காளிக்கு ஆறுதல் சொல்ல ஊரே வரும் அண்ணே. நல்லா ஆனவனுக்குன்னு ஆள் போட்டிருக்கிறது உங்க குரூப்பு ஒண்ணுதான்."

ஏழு கேள்வி

முதலில் வந்தது ஒரே வரி. எழுதியவர் திட்டக்குடிப் பக்கம் பஸ் ஓட்டும் முருகேசன். "எனக்குச் சரியாயிட்டுது, எல்லாருக்கும் நன்றி." இதை நோட்டில் எந்தப் பத்தியில் எழுதுவது? ஆகவே ஒற்றை விரலால் ஒரு மணி நேரம் அடித்து ஏழு கேள்வி அனுப்பினேன். எந்தக் காது, எந்த வருடம் தொடங்கியது, விசில் சத்தமா வண்டுச் சத்தமா, போயே போய்விட்டதா அல்லது மறந்துவிட்டதா, மறந்தது என்றால் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், கடைசியாக எப்போது நினைவு வந்தது, இப்போது இருக்கிறதா.

மறுநாள் பதில் வந்தது. "ஐயா, மறந்துதான் இருந்தேன். உங்க கேள்வியப் படிச்சதும் ஞாபகம் வந்துட்டுது. டிரைவிங் லைசென்சு வாங்கறப்பகூட என்னை இவ்ளோ கேக்கல."

அன்றிலிருந்து கேள்வியை இரண்டாகக் குறைத்துக்கொண்டேன்.

வசந்தா கேட்டது

சிதம்பரத்தில் தையல் வேலை செய்யும் வசந்தாவுக்கு இரண்டு காதிலும் இரைச்சல். தன் கதையை அவர் எழுதியதில்லை. ஆனால் யார் தேறிய கதை எழுதினாலும் அடியில் வந்து ஒரே கேள்வி கேட்பார்: "இவுங்க கல்யாணத்துக்குப் போனாங்களா?"

ஐந்தாவது முறை கேட்டபோதுதான் காரணம் எழுதினார். தை மாதம் அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம். நாதஸ்வரமும் தவிலும் வைத்தே ஆகவேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்கள். போன வருடம் ஒரு கல்யாணத்தில் மேளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவருக்குப் பதினோரு நாள் இரைச்சல் அடங்கவில்லை. முகூர்த்த நேரத்தில் சாமான் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிடப் போவதாக எழுதினார்.

நானே கல்யாணத்துக்குப் போய் நான்கு வருடம் ஆகிறது. பத்திரிகை வந்தால் மறுநாள் வீட்டுக்குப் போய் வாழ்த்திவிட்டு வருவேன். வசந்தா இப்படி முடித்திருந்தார்: "தாலி கட்டறப்ப பொண்ணு திரும்பிப் பாத்தா, நான் தேங்கா மூட்டையோட இருக்கேன்னு யாரு அண்ணே சொல்றது?"

சுறாப்புட்டு

கடலூருக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கிற காத்தவராயன் விசைப்படகில் எஞ்சின் பார்த்தவர். சத்தம் இருக்கிறது, ஆனால் இப்போது பொருட்படுத்துவதில்லை என்று மகளை டைப் அடிக்கச் சொல்லி எழுதினார். நல்ல கதை. ஆனால் கடைசியில், "சத்தத்த மறந்த அன்னிக்கு வீட்ல சுறாப்புட்டு, வயிறாரச் சாப்பிட்டேன்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டார்.

அவ்வளவுதான். அவர் ஒன்பது மாதம் பொறுமையாக இருந்ததை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. பால்சுறாவா, வேறு சுறாவா, காலையிலா மதியமா, பூண்டு எத்தனை பல் என்று பதினான்கு கேள்வி வந்தது. புட்டுக்கும் காதுக்கும் சம்பந்தமில்லை என்று பதினான்கு பேருக்கும் தனித்தனியாக எழுதினேன். பதினைந்தாவதாக ஒரு அம்மா கேட்டார்: "ஐயா, நாங்க சைவம். சுறாவுக்குப் பதிலா சேனைக்கிழங்கு போட்டா கேக்குமா?"

பெயர் போடாத மளிகைக்காரர்

ஸ்ரீமுஷ்ணத்து மளிகைக்கடைக்காரர் ஒருவர் மூன்று பக்கத்துக்குக் கதை எழுதி எனக்கு மட்டும் அனுப்பினார். மிக அருமையாக எழுதியிருந்தார். குழுவில் போடலாமா என்றேன். போடுங்கள், பெயர் வேண்டாம் என்றார். கண் பட்டுவிடும் என்று பயப்படுகிறீர்களா என்று கேட்டேன்.

"சனங்க கண்ணுக்கு எலுமிச்சம்பழம் கட்டிருக்கேன் ஐயா. நான் நல்லா இருக்கிறது அந்தச் சத்தத்துக்குத் தெரியக் கூடாது."

மண்டபத்தை அளந்தது

கார்த்திகையில் வசந்தா ஒன்பதாவது முறையாக அதே கேள்வியைக் கேட்டார். இனி சும்மா இருப்பது சரியில்லை என்று திருப்பாதிரிப்புலியூரில் தூரத்து உறவு ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனேன். மேளக்காரர்கள் இடத்திலிருந்து பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். காதில் பஞ்சு இருந்தும் தாங்கவில்லை. இருபது அடி, பரவாயில்லை. முப்பதடியில் தூணுக்குப் பின்னால் ஒரு நாற்காலி இருந்தது. அங்கே உட்கார்ந்தபோது, என் காதில் ஓடுகிற கம்ப்ரசரை மேளம் மூடிவிட்டது. அது நிற்காமல் வாசித்தால் தேவலை என்றுகூடத் தோன்றியது. வீட்டுக்கு வந்த பிறகு இரைச்சல் கொஞ்சம் கூடியிருந்தது. மறுநாள் மத்தியானத்துக்குள் பழைய அளவுக்கு வந்துவிட்டது.

இதை எல்லாம் அடிக் கணக்கோடு வசந்தாவுக்கு எழுதினேன். ஆனால் மண்டபத்தில் அடிமேல் அடி வைத்து நடந்ததை மணப்பெண்ணின் தாய்மாமன் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எல்லார் முன்னாலும் கேட்டார்: "என்ன மாமா, நாலு வருஷம் கழிச்சு வந்து மண்டபத்தை வெலை பேசறீங்களா?"

சிதம்பரம் கல்யாணம்

வசந்தா எங்களைக் கல்யாணத்துக்கு அழைத்திருந்தார். "நீங்க நாலு பேரு கண்ணுக்குத் தெரியற இடத்துல உக்காந்திருந்தா, நானும் நிப்பேன்," என்று எழுதியிருந்தார். செல்வராஜ், முருகேசன், காத்தவராயன், மளிகைக்காரர், நான், ஐந்து பேர் போனோம். அதுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. நான் தலைக்கு இரண்டு வீதம், கூடுதலும் சேர்த்து, இருபத்து நான்கு பஞ்சு உருண்டை உருட்டி டப்பாவில் கொண்டுபோனேன். வசந்தாவுக்கு இரண்டு கொடுத்தேன். சந்தனம் மாதிரி இதுவும் மரியாதைக்குத் தருவது என்று நினைத்து மாப்பிள்ளையின் பெரியப்பாவும் இரண்டு எடுத்துக்கொண்டார்.

முப்பதடி அளந்து ஐந்து பேரும் வரிசையாக உட்கார்ந்து, ஒரே நேரத்தில் காதில் பஞ்சை வைத்தோம். தவிலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்த வித்துவான் அதைப் பார்த்துவிட்டார். எழுந்து எங்களிடமே வந்தார். என்ன சொல்கிறார் என்று கேட்க ஒரு காதுப் பஞ்சை எடுத்தேன். "இன்னும் நான் கை வைக்கவே இல்லீங்களே ஐயா!" என்றார். செல்வராஜ் விஷயத்தைச் சொன்னதும் மனிதர் சிரித்துவிட்டார். மேளத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

முகூர்த்தம் வந்தது. வசந்தாவைக் காணவில்லை. சாமான் அறைக் கதவு சாத்தியிருந்தது. ஐயர் விரலை ஆட்டப்போகிற நேரம் கதவு திறந்தது. வசந்தா காதில் பஞ்சோடு வெளியே வந்து, எங்கள் ஐந்து பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேராக மணமேடைக்குப் போய் மகளுக்குப் பின்னால் நின்றார். கெட்டிமேளம் முழங்கியது. மகள் திரும்பிப் பார்த்தாள். அப்போது வசந்தா வலது காதுப் பஞ்சை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டார். எனக்குப் பதறியது. தாலி ஏறி மேளம் அடங்கும்வரை அப்படியே நின்றார். கண்ணில் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு.

பந்திக்கு முன்னால் என்னிடம் வந்து அந்த ஒற்றைப் பஞ்சைத் திருப்பிக் கொடுத்தார். அதை டப்பாவில் போட்டுக்கொண்டே, ஏன் எடுத்தீர்கள், இரைச்சல் கூடிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"கூடட்டும் அண்ணே. எம்பொண்ணு கெட்டிமேளம் ஒரு காதுலயாவது ஒழுங்கா விழ வேணாமா?"

மூன்றாம் நாள் இரைச்சல் பழையபடி ஆகிவிட்டதென்று எழுதினார். அவரை நோட்டில் இரண்டாவது பத்தியில் சேர்த்துவிட்டு டப்பாவைத் திறந்து எண்ணினால், எல்லாம் ஜோடி ஜோடியாகக் கொடுத்தும், மீதி இருந்தது பதினொன்று.