அந்த நாவலில் குழாயடி இல்லை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமானால் என் மனைவியும் பக்கத்து வீட்டு அக்காவும் காம்பவுண்டு வாசலில் பாய் விரித்து, பனியன் கட்டைப் பிரித்துப் போட்டுப் பிசிர் வெட்ட உட்காருவார்கள். தைத்த ஓரங்களில் தொங்கும் நூல்தான் பிசிர். கையில் சின்னக் கத்தரி, கண் துணியில், பேச்சு நாவலில். கிளை நூலகத்தில் என் மனைவி எடுத்து வருவதை இருவரும் மாற்றி மாற்றிப் படித்து முடித்திருப்பார்கள். காதல் கதை அவர்களுக்கு ஆகாது. இரண்டு பெண்கள் சிநேகிதமாக இருக்கிற கதையாகப் பார்த்துத்தான் எடுப்பாள். "அந்த மாதிரி கொஞ்சந்தாங்க இருக்குது" என்று குறைப்பட்டுக்கொள்வாள்.

நான் பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். படித்தது ஐந்தாவது வரைக்கும். பெண்கள் பேசுகிற இடத்தில் நிற்கவே கூச்சப்படுவேன். ஆனால் எங்களுடையது ஒற்றை அறை வீடு. கதவுக்குப் பின்னால் படுத்திருந்தாலும் எல்லாம் கேட்கும். அப்படிக் காதாலேயே பல நாவல்களை முடித்திருக்கிறேன்.

அக்கா சிவகங்கைப் பக்கத்துக்காரர். கணவர் இறந்தபிறகு, பனியனில் குறை பார்க்கும் செக்கிங் வேலை செய்தே மகனைப் படிக்கவைத்தார். மகனுக்கு ஓசூரில் வேலை. மருமகள் மாசமாக இருந்தாள். வீட்டைக் காலி செய்துவிட்டு ஒரேயடியாக வந்துவிடு என்று மகன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். ஆடியில் வீடு மாறக் கூடாது, ஆவணி பிறக்கட்டும் என்று அக்கா பதிலைத் தள்ளி வைத்திருந்தார்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. கல்யாணமாகி இந்தக் காம்பவுண்டுக்கு வந்ததிலிருந்து என் மனைவிக்கு அந்த அக்காதான் எல்லாம். அவர் போய்விட்டால் இவள் என்ன ஆவாள் என்று எனக்குப் பயமாக இருந்தது. அவளோ அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த ஆடியில் அவர்கள் பேசிக்கொண்டிருந்தது ஓர் ஆற்றங்கரை ஊரின் கதை. இரண்டு சிநேகிதிகள். பெயரெல்லாம் சொல்ல மாட்டார்கள். பெரியவள், சின்னவள் என்பார்கள். பெரியவள் ஒருநாள் ஊரை விட்டுப் போகிறாள்.

"போறவ ஒரு வார்த்த சொல்லீட்டுப் போயிருக்கலாமுங்க்கா" என்றாள் என் மனைவி.

"சொன்னா இவ விட்ருவாளாக்கும்? காலப் புடிச்சுத் தொங்கிருவா."

"அதெல்லாந் தொங்க மாட்டா. அவளுக்கும் ரோசம் இருக்குதுங்க."

"ரோசத்த வச்சு உப்புமா கிண்டச் சொல்லு."

இருவரும் சிரித்தார்கள். பிறகு என் மனைவி சொன்னாள்: "அவ போனதுக்கப்புறம் வர்ற எடத்தப் படிச்சீங்களா? கொழாயில தண்ணி வர்ற அன்னைக்கு, சின்னவ பெரியவ கொடத்தையும் சேத்தி வரிசையில வெச்சாளாமா. பின்னால நின்னவ, 'ஏனம்மிணி, ஆளில்லாத ஊட்டுக்கு எதுக்குக் கொடம்?'னு கேட்டாளாமா. அப்பறந்தான் நெனப்பே வந்துச்சாமா."

கத்தரிச் சத்தம் நின்றது. காற்று மட்டும் பாயின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"ம். படிச்சேன்" என்றார் அக்கா. "அப்புறம் அந்தக் கொடத்த என்ன செஞ்சா?"

"ரொப்பித்தான் வெச்சாளாமா."

கதவுக்குப் பின்னால் நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இப்படி ஒன்றை ஒருவர் யோசித்து எழுத முடியுமா? அந்த இடத்தை என் கண்ணால் படிக்க ஆசை வந்தது. மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லி மனைவி தந்த புத்தகத்தை நான் கொடுக்கவில்லை. அயர்ன் டேபிளுக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். "என்னுங் மாஸ்டர், பரிச்சையா? நம்ம மாஸ்டரு கலெக்டர் ஆகப்போறாருங்க" என்று துணி வெட்டும் கட்டிங் ஆட்கள் கேலி செய்தார்கள். சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அவர்கள் சிரிப்பு கொஞ்ச நேரத்தில் காதில் விழாமல் போனது. ஒரு பக்கம் முழுக்க அந்த இரண்டு பெண்களும் நிலக்கடலை உரிக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் பக்கம் முடியும்போது, இனி இவர்கள் இப்படி உட்காரப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. யாரும் சொல்லவில்லை. எப்படித் தெரிந்தது என்று மறுபடி படித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. ஒரு கோவிலுக்குள் நிற்பதுபோல் இருந்தது. நானும் கூட்டாளிகளோடு எத்தனையோ வருடம் டீ குடித்திருக்கிறேன். ஒருவனுடைய மனசுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஆடி கடைசியில் புத்தகம் முடிந்தது. குடம் வரவே இல்லை. திரும்பவும் புரட்டிப் பார்த்தேன். ஆறு ஓடுகிற ஊரில் குழாயடியில் எவள் வரிசையில் நிற்பாள்? அந்தக் குழாய் எங்கள் காம்பவுண்டுக் குழாய். அந்தக் குடம் அக்காவின் குடம்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னேன்.

"அந்தக் கொடம் கதையில இல்ல."

"எந்தக் கொடமுங்க?"

"சின்னவ வெச்ச கொடம்."

"நீங்க படிச்சீங்களா?" நான் பறந்து காட்டியதுபோல் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அரிசி களைந்தாள். "ஒவ்வொரு பொஸ்தகத்துல ஒவ்வொரு மாதிரி போட்டிருப்பாங்க."

"அக்காகிட்ட நேரா சொல்லு. அவுங்க அத நெசமாவே கதையின்னு நெனச்சிருப்பாங்க."

"இல்ல தம்பி" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. அக்கா குழம்புக் கிண்ணத்தோடு நின்றிருந்தார். "நானும் முழுசாப் படிச்சவதான. கொடமும் இல்ல, கொழாயும் இல்ல."

"அப்பறம் ஏனுங்க்கா படிச்சேன்னு சொன்னீங்க?" என்றாள் என் மனைவி.

"நீ இன்னும் என்ன சொல்லுவியோன்னு பாக்கத்தான். அன்னையிலருந்து காத்துக் கெடக்கேன். கொடத்த நெறச்சு வச்சவளுக்கு, போகாதன்னு ஒரு வார்த்த வரலையே."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. யாரும் எழுதாத ஒரு பக்கத்தில் இவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்துகொண்டு, ஒருத்தி கெஞ்ச, இன்னொருத்தி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். நடுவில் நான் மட்டுமே அதைக் கதை என்று நம்பினேன்.

"பேரப்புள்ளைய உட்டுப்போட்டு இருங்கன்னு கேக்கறது ஞாயமுங்களா?" என்றாள் என் மனைவி.

"ஞாயத்த நான் பாத்துக்கிறேன். நீ கேளுத்தா."

என் மனைவி ஈரக் கையோடு எழுந்தாள். "போகாதீங்க்கா."

"இதக் கேக்க ஒரு நாவல் வேண்டிக் கெடக்கு" என்று அக்கா நிலைப்படியிலேயே உட்கார்ந்து மகனுக்குப் போன் போட்டார். "பெரசவத்துக்கு வாரேன்யா. அஞ்சாறு மாசம் இருந்து புள்ளயப் பாத்துத் தாரேன். ஆனா வீட்டக் காலி பண்ண மாட்டேன். தனியாவா? யாரு சொன்னா, எனக்கு இங்க ஆளு இருக்கு." மகன் சத்தம் போட்டது எங்கள் வரைக்கும் கேட்டது. பட்டென்று வைத்துவிட்டான்.

அக்கா போனை மடியில் வைத்துக்கொண்டார்.

"கோவம் போயிருமுங்க்கா."

"போகாட்டி என்ன, பேரன் பொறந்தா கூப்பிட்டுத்தான ஆகணும்" என்றார். சொல்லிவிட்டுப் போனை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

சோறு வெந்ததும் என் மனைவி இரண்டு தட்டில் போட்டு, ஒன்றை அக்காவின் கையில் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்குப் போட மறந்துவிட்டாள். நான் நினைவுபடுத்தவில்லை.