எப்போதும் நிற்பவர்

பள்ளி ஆபீஸ் கிளார்க்குக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பிரிண்டர். கையெழுத்து அப்படி. ஓவிய, புகைப்படக் கண்காட்சி வந்தால் ஒவ்வொரு படத்தின் கீழும் ஒட்டும் பெயர் அட்டைகளை அவர்தான் எழுதுவார். இருபத்திரண்டு வருஷத்தில் ஓர் அட்டையைக்கூடக் கெடுத்ததில்லை.

இந்த வருஷம் ஒன்று கெட்டது.

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி நீட்டிய புகைப்படத்தில் ஒரு மாடி ஜன்னல். உடைந்த கண்ணாடிக்குப் பதில் காலண்டர் அட்டை. கம்பிகளுக்குப் பின்னால், தலை இருட்டில் மறைய, நீல உடையில் ஒரு பெண். அந்தக் காலண்டர் அட்டையைத் தன் வீட்டு ஜன்னலில் ஒட்டியதே கிளார்க்தான்.

"யாரும்மா இது?"

"தெரியாது சார். டியூஷன் போற வழியில இருக்கற வீடு. தினமும் அஞ்சரைக்கு அங்கயே நிப்பாங்க. நானும் கைய ஆட்டுவேன். திருப்பி ஆட்டவே மாட்டாங்க, அவ்வளவு கெத்து!"

"அசையவே மாட்டாங்களா?"

"ஒரு நாள் லேசா அசைஞ்சாங்க சார். அன்னிக்கு நல்ல காத்து."

தலைப்பு 'எப்போதும் நிற்பவர்' என்றாள். பாதி எழுதும்போதே மை பரவியது.

"என்ன சார், பிரிண்டர்ல பேப்பர் சிக்கிக்கிச்சா?" என்று சிரித்தார் டிராயிங் டீச்சர். கிளார்க் இன்னோர் அட்டையை எடுத்தார்.

மனைவி இறந்து எட்டு மாதம். அவள் கடைசியாகக் கழற்றி மாட்டிய நீல நைட்டி, ஜன்னலோரத்து ஆணியில் அப்படியே இருந்தது. மகள் எடுக்கப் போகும்போதெல்லாம், "இருக்கட்டும்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்று தடுத்துவிடுவார். மனைவி விட்டுப்போனதில் மிச்சம் இருந்தது அதுதான்.

சனிக்கிழமை கண்காட்சி முடிந்து திரும்பியபோது தெருவில் நின்று மேலே பார்த்தார். எட்டு மாதமாக அண்ணாந்து பார்த்ததில்லை. ஜன்னலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். மாடி ஏறிப் போனார்: நைட்டி. கீழே இறங்கி வந்தார்: நின்றாள். மூன்று முறை ஏறி இறங்கியதில் மூச்சு வாங்கியது.

மகளுக்குப் போன் செய்தார். "நாளைக்கு வந்து அத எடுத்துட்டுப் போயிடும்மா."

"எதப்பா?"

"அதான்."

"சரிப்பா."

ஞாயிற்றுக்கிழமை அவள் அதை மடித்து, ஒரு நிமிஷம் முகத்தில் வைத்திருந்துவிட்டுப் பைக்குள் போட்டாள். ஆணி மட்டும் மிஞ்சியது.

திங்கட்கிழமை தலைவலி என்று ஒரு மணி நேரம் பர்மிஷன் சொல்லிவிட்டு வந்தார். ஐந்தரைக்கு, முகம் வெளிச்சத்தில் படாதபடி தள்ளி, ஆணியடியில் நின்றார். கீழே சைக்கிள் மணி கேட்டது. அந்தப் பெண் காலை ஊன்றி நின்று கையை ஆட்டினாள்.

அவருடைய கை தானாக இடுப்புவரை எழுந்தது. சட்டென்று சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, அசையாமல் நின்றார்.

"ரொம்பத்தான் கெத்து ஆன்ட்டி உங்களுக்கு!" என்று கத்திவிட்டு அவள் பெடலை மிதித்தாள்.