இருநூற்றுப் பன்னிரண்டு சோதனைகள்

காரைக்காலில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் ஷஃபீனா கம்ப்யூட்டர் ஆசிரியை. 2007இல் அவளுக்கு முப்பத்து மூன்று வயது. கணவர் முகம்மது இப்ராஹிம் ஷார்ஜாவில் எலக்ட்ரீஷியன். தலத்தெரு வீட்டில் அவளும் மாமியார் நபீசாவும் மட்டும். நபீசாவுக்குச் சர்க்கரை, காலில் ஆறாத புண். காலையில் அதைக் கழுவிக் கட்டுப் போட்டு, சோறாக்கி மூடி வைத்துவிட்டு, எட்டு மணிக்கெல்லாம் ஷஃபீனா கல்லூரி லேபில் இருப்பாள். வகுப்பு தொடங்குவதற்கு முன் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் அவளுடையது.

அந்த வருஷம் நெட்வொர்க் பாதுகாப்பு புதுப் பாடமாக வந்தது. அதற்காக இணையத்திலிருந்து ஒரு மென்பொருளை இறக்கினாள். பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதி, நிரலையும் திறந்து வைத்து, இலவசமாகக் கொடுத்தது. ஒரு கம்ப்யூட்டரில் எங்கெங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிச் சொல்லும். ஒவ்வொரு வகை ஓட்டைக்கும் ஒரு மாட்யூல், அதாவது தனித் துண்டு நிரல். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. ஒன்றே ஒன்று தேவைப்பட்டாலும், திறக்கும்போது இருநூற்றுப் பன்னிரண்டையும் மெமரியில் ஏற்றிக்கொள்ளும். லேபில் இருந்தவையோ பழைய மெஷின்கள். திறக்கவே பதினோரு நிமிஷம். பாதி மெஷின்கள் அதற்குள் நின்றுபோகும்.

மென்பொருள் எழுதுபவர்களின் மின்னஞ்சல் குழுவில் கேட்டாள். 'புது கம்ப்யூட்டர் வாங்குங்கள்' என்று ஒருவர் பதில் போட்டார். அது அவளுக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே நிரலைத் திறந்து படிக்க ஆரம்பித்தாள்.

மாட்யூல்களின் பெயர்ப் பட்டியலை மட்டும் முதலில் படிப்பது, கேட்டதை மட்டும் ஏற்றுவது, வேலை முடிந்ததும் இறக்கிவிடுவது. இவ்வளவுதான் அவள் எழுதியது. ஐந்து மாதம் பிடித்தது. மென்பொருளைக் கவனித்துவந்த செக் நாட்டுக்காரர் அதிகம் பேசாதவர். 'ஒரே மூட்டையாக இருக்கிறது. பிரித்து அனுப்புங்கள்' என்றார். ஒன்பதாகப் பிரித்தாள். ஒவ்வொன்றுக்கும் கேள்வி வந்தது, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினாள். அடுத்த வருஷம் பிப்ரவரியில்தான் சேர்த்துக்கொண்டார்.

மூன்று வாரம்கூட நிலைக்கவில்லை. பிரேசிலிலிருந்து ஒருவர் கோபமாக எழுதினார். ஒரே மாட்யூலை இரண்டு தேடல்கள் பயன்படுத்திக்கொண்டிருந்தபோது, முதல் தேடல் முடிந்ததும் ஷஃபீனாவின் நிரல் அதை இறக்கிவிட்டது. இரண்டாவது தேடல் நடுவழியில் செத்துவிட்டது. செக் நாட்டுக்காரர் இரண்டு வரி எழுதினார். 'உங்கள் பகுதியை நீக்கிவிட்டேன். மன்னிக்கவும்.'

லேபைப் பார்த்துக்கொள்ளும் சேக் அலாவுதீன் அன்று அவளைக் கவனித்தார். அண்ணன் முறையில் அவரை 'நானா' என்றுதான் அவள் கூப்பிடுவாள்.

"என்ன டீச்சர், மொகம் வாடிக் கெடக்கு?"

"நான் எழுதுனத தூக்கிட்டாங்க நானா. தப்பும் என்னோடதுதான்."

"விட்டுத் தள்ளுங்க. அவங்களா ஒங்களுக்கு வேல குடுத்திருக்காங்க?"

மணி அடித்ததும் வகுப்புக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை இப்ராஹிம் போன் செய்தபோது, அவள் சலாம் சொன்ன குரலிலேயே கண்டுபிடித்துவிட்டார்.

"ஒடம்பு சரியில்லயா?"

"அலுப்பா இருக்கு மச்சான்."

"ஒரு நாளு லீவு போட்டுப் படேன்."

"லீவு போட்டா போற அலுப்பு இல்ல இது."

பிறகு அம்மாவின் காலைப் பற்றிக் கேட்டார்.

தவறைத் திருத்தப் பத்து வரிதான் தேவைப்பட்டது. ஒரு மாட்யூலை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். யாருமே இல்லை என்றான பிறகுதான் இறக்க வேண்டும். அனுப்பினாள். 'சரியாகத் தெரிகிறது. ஆனால் மறுபடி நம்ப வேண்டுமானால் ஒவ்வொரு மாட்யூலுக்கும், அது சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, ஒரு சோதனை நிரல் வேண்டும்' என்று செக் நாட்டுக்காரரிடமிருந்து பதில் வந்தது.

இருநூற்றுப் பன்னிரண்டு. அந்த எண்ணைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். மே மாத விடுமுறையில் அலாவுதீன் வந்து லேபைத் திறந்துவிட்டார். ஒரு நாளைக்கு ஐந்தோ ஆறோ முடிந்தது. எழுத எழுத, பத்தொன்பது மாட்யூல்கள் யாருக்கும் தெரியாமல் வெகுகாலமாகவே கெட்டுக் கிடப்பது தெரிந்தது. அவற்றையும் அவளே சரிசெய்ய வேண்டியிருந்தது.

நடுவில் நபீசாவின் கால்விரல் ஒன்றை எடுக்க வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள். கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து, நோட்டில் கையால் எழுதினாள்.

"என்னம்மா எழுதுற?" என்று நபீசா கேட்டார்.

"சோதனை மாமி."

"யாருக்கு?"

"யாருன்னு தெரியாது. எங்கயோ இருக்குறவங்களுக்கு."

நபீசா அவளையே பார்த்தார். "காலு போட்டுக்க எடம் இருக்கு. இப்படி வந்து செத்த நேரம் சாஞ்சுக்க. அவங்க காத்திருப்பாங்க" என்று நகர்ந்து படுத்தார். ஷஃபீனா நோட்டை மூடிவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் சாய்ந்தாள். நர்ஸ் வந்து எழுப்பும்வரை தூங்கினாள்.

ஜூலைக் கடைசியில் எல்லாம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. லேபில் அதே பழைய மெஷின்களில் மென்பொருள் நாற்பது நொடியில் திறந்தது. மாணவர்களுக்கு அதில் வியக்க ஒன்றும் இல்லை. அவர்கள் முந்தைய வருஷத்தைப் பார்க்காதவர்கள். அலாவுதீன் மட்டும் கடிகாரத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்து, "இதுக்கா டீச்சர் ஒரு வருஷம்?" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. அவள் சிரித்தாள்.

அடுத்த வாரம் செக் நாட்டுக்காரர் முதல்முறையாக நீளமான கடிதம் எழுதினார். அந்தப் பகுதி முழுவதையும் இனி ஷஃபீனாவே பொறுப்பேற்றுக் கவனித்துக்கொள்ள முடியுமா என்று கேட்டிருந்தார். அது பெரிய மரியாதை என்று அவளுக்குத் தெரியும். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, 'நன்றி. இனி என்னால் முடியாது. அடுத்து வருபவருக்கு அந்தச் சோதனைகள் துணையாக இருக்கும்' என்று எழுதினாள். அனுப்பிய பிறகு வருத்தம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

பிறகு ஒரு போலந்துக்காரர் அந்தப் பொறுப்பை ஏற்றார். சந்தேகம் வந்தால் அவளுக்கு எழுதுவார். ஷஃபீனா பதில் போடுவாள், சில சமயம் இரண்டு மூன்று வாரம் கழித்து.