கம்பி இல்லாத உப்பளத்து போன்

தம்பி, நீங்க செல்போன் டவர்ல வேலை பாக்குத ஆளு, சிரிப்பிய, சிரிங்க. பேய் பிசாசு செய்வினைன்னு எவளாவது ஆரம்பிச்சா, 'போளா, வேலையப் பாத்துக்கிட்டு'ன்னு முதல்ல எந்திரிச்சுப் போறவ நான்தான். கோயில்ல தலைய விரிச்சுப் போட்டு ஆடுதவங்களப் பாத்தாக்கூட எனக்கு எரிச்சல்தான் வரும். இதச் சொல்லுததுக்கு எனக்குப் பயமில்ல, வெக்கம். அதான் இத்தன வருசமா வாயத் தொறக்கல.

எழுவதுகள்ல எங்களுக்கு ஆட்டோமேட்டிக் எல்லாம் வரல. தூத்துக்குடி பக்கத்துல ஒரு சின்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்ச், போர்டு முன்னால காதுல ஹெட்போன மாட்டிக்கிட்டு நான். ஒரு வீட்டுல போன் கைப்பிடியச் சுத்துனா அவங்க நம்பர்ல தகடு டக்குன்னு விழும், யாரு வேணும்னு கேட்டு அந்த நம்பர்ல வயரச் சொருகணும், அம்புட்டுதான் வேலை. டாக்டர் ஒருத்தரு இருந்தாரு, காலுல சக்கரம் கட்டுன மாதிரி சுத்துவாரு. எங்களுக்குள்ள ஒரு வழக்கம் உண்டு. போற வீட்டுல போன எடுத்து 'ஏளா, நான் இங்கன இருக்கேன்'பாரு, நான் அந்த வீட்டு நம்பர்ல ஒரு சிவப்பு மூடிய மாட்டிருவேன். அவரு வீடு மாறுனா மூடியும் மாறும். யாரு அவரத் தேடுனாலும் மூடி எங்கயோ அங்க கனெக்சன். சொல்லாமப் போய்ட்டாருன்னா, கடைசியா மூடி இருந்த எடத்தச் சுத்தி ஒவ்வொரு வீடா மணியடிப்பேன். உங்க டவரும் செல்போன இப்படித்தான் தேடுதுன்னு நேத்து நீங்க சொன்னதும் எனக்கு அந்த நாளு ஞாபகம் வந்துட்டு.

அன்னைக்கு மத்தியானம், மண்டையப் பொளக்குத வெயிலு. மாப்பிள்ளையூரணியில ஒரு கடையில இருந்து ஒரு ஆளு பேசுதாரு, பொஞ்சாதிக்குப் பிரசவ வலி, ரத்தம் நிக்கவே மாட்டேங்காம், 'அக்கா, எப்படியாவது டாக்டர அனுப்புங்க, ரெண்டு உசுரு'ன்னு அழுதாரு. மூடி ஒரு உப்பு வியாபாரி வீட்டுல இருக்கு. மணியடிச்சா, 'அவரு கெளம்பி ரொம்ப நேரமாச்சே'ங்காங்க. மருந்துக்கடை, சர்ச் சாமியார் பங்களா, ஹார்பர் ஆபீஸ், ஒண்ணு விடாம அடிச்சேன், எங்கயும் இல்ல. உப்பளத்து ஷெட்டு நம்பர மட்டும் தொடல, ஏன்னா அந்த லைன்ல செம்புக் கம்பிய எவனோ களவாண்டுட்டுப் போயி, பல நாளா செத்துக் கெடக்கு. கடைசியில அந்த ஆளுகிட்ட, 'அண்ணாச்சி, டாக்டர் கெடைக்கல, வண்டி பிடிச்சு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க'ன்னேன். அவரு போன வச்சுட்டாரு. நான் காதுல கெடந்தத கழட்டி வச்சுட்டு மாதாவே மாதாவேன்னு உக்காந்துட்டேன். வேற யாருக்கும் பேசல, இது சத்தியம்.

சாயங்காலம் டாக்டர் நேரா எக்ஸ்சேஞ்சுக்கே வாராரு, சட்டையெல்லாம் ரத்தம், மொகமெல்லாம் சிரிப்பு. 'ஏளா ரோஸ்லின், நீ கூப்பிடலன்னா தாயும் போயிருப்பா, பிள்ளையும் போயிருக்கும். பொம்பளப் பிள்ள'ங்காரு. கார் டயரு பஞ்சராகி அந்த உப்பளத்து ஷெட்டுல நிழலுக்கு ஒதுங்குனாராம், போன் அடிச்சுதாம், எடுத்தா நான் பேசுதேனாம், 'டாக்டர், ரோஸ்லின் பேசுதேன், மாப்பிள்ளையூரணிக்கு ஓடுங்க, அம்மா சாகப் போறா'ன்னு. உப்பு லாரியில ஏறிப் போயிருக்காரு.

நான் இல்ல டாக்டர்னு சொல்ல வாயெடுத்தேன், அதுக்குள்ள சூப்பர்வைசரம்மா முதுகுல தட்டுதாங்க, எல்லாரும் கை தட்டுதாங்க. சொல்லல தம்பி. மறுநாள் லைன்மேனக் கூட்டிட்டுப் போயிப் பாத்தேன். வெறும் போஸ்டுதான் நிக்கு, கம்பி இல்ல. நம்புனா நம்புங்க.

அந்தப் பிள்ளைக்கு என் பேரையே வச்சுட்டாங்க. மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்குத வீடு, அதுல ரோஸ்லின்னு ஒரு பிள்ள, ஊரே கேலி பண்ணியும் மாத்தல. பொங்கலுக்குப் பொங்கல் கரும்பும் பனங்கெழங்கும் வரும், 'நீங்க குடுத்த உசுரு'ம்பா அவ அம்மா. எனக்கு ஒடம்பெல்லாம் கூசும். ஆனாலும் சிரிச்சுக்கிட்டே வாங்கி வச்சுக்கிடுவேன், சீ, என்ன பொழப்பு!

டாக்டர் அவ சின்னப் பிள்ளையா இருக்கும்போதே மதுரைக்கு மகன் வீட்டோட போய்ட்டாரு. அவ வளந்து, கல்யாணப் பத்திரிகை வைக்க எங்க வீட்டுக்கு வந்தா. அப்ப வீட்டுல போன் வந்துட்டு. 'டாக்டர்கிட்ட நீயே சொல்லுளா'ன்னு நம்பரப் போட்டுக் குடுத்தேன். 'டாக்டர், நான் ரோஸ்லின் பேசுதேன், மாப்பிள்ளையூரணி'ன்னா. 'உங்ககிட்டக் குடுக்கச் சொல்லுதாரு'ன்னு போன என்கிட்ட நீட்டுனா. காதுல வச்சா, அவரு மூச்சு வாங்குதது கேக்கு.

'அன்னைக்கு ஷெட்டுக்குப் பேசுனது நீதானா?'ன்னாரு.

'இல்ல டாக்டர்.' அத்தன வருசத்துல அப்பத்தான் நெசத்தச் சொன்னேன்.

'ஆமா, நீ இல்ல. இந்தப் பிள்ளதான். இதே குரல்'னு சொல்லிட்டு வச்சுட்டாரு.

நான் திரும்புதேன், அந்தப் பிள்ள, 'எனக்கு உசுரு குடுத்தவுக, ஆசீர்வாதம் பண்ணுங்க'ன்னு என் காலுல விழுதா. நானும் தலையில கைய வச்சுட்டேன், தம்பி. இன்னைக்கு வரைக்கும் அவகிட்டச் சொல்லல. இப்பவும் ஞாயித்துக்கிழமையானா போன் பண்ணுவா. மணியடிச்சா எடுக்கக் கூசுது.