ஒரு சத்தம்தான் கேட்டது

தாமிரபரணிக் கரையில் உள்ள நீரேற்று நிலையத்தில் கூட்டித் துடைப்பது என் வேலை. பகலெல்லாம் மோட்டார் இரையும். பேச ஆள் கிடையாது.

மோட்டார்களுக்கு உத்தரவு கொண்டுபோகும் ஈதர்நெட் அடாப்டர் இரண்டை, மதுரையிலிருந்து வந்த இன்ஜினியர் ஒரு பெட்டிக்குள் பொருத்தினார். ஒன்று படுத்துவிட்டால் பக்கத்தில் இருப்பது அந்த நொடியே வேலையை எடுத்துக்கொள்ளுமாம். அன்று மோட்டார்களை நிறுத்தியிருந்தார்கள். அறை அமைதியாக இருந்தது. முதல் வயரைச் சொருகும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அடுத்ததற்குச் சத்தமில்லை. ஆனால் இரண்டிலும் பச்சை விளக்கு எரிந்தது. படித்தவருக்குத் தெரியாதா என்று மாப்பைப் பிழிந்துகொண்டு போய்விட்டேன்.

இரண்டு மாதம் கழித்து முதலாவது படுத்தது. இரண்டாவது எடுத்துக்கொள்ளவில்லை. மோட்டார்கள் நின்றன, வள்ளியூர்ப் பக்கம் வரை தண்ணீர் போகவில்லை.

மேற்பார்வையாளர் பழுது நோட்டில் ஏதோ எழுதினார். அவர் டீ குடிக்கப் போனதும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'துப்புரவுப் பணியாளர் துடைத்தபோது ஏதோ இழுபட்டது.' அந்த ஒரு வரிக்கு வெகுநேரம் பிடித்தது. இத்தனை வருடத்தில் அந்தப் பெட்டியின் கதவை நான் திறந்ததே கிடையாது.

மறுநாள் காலை இன்ஜினியர் வந்து முதலாவதை மாற்றினார். இரண்டாவதில் பச்சை வரவில்லை. அதுவும் போய்விட்டதென்று புதிதாக இன்னொன்றை எடுக்கப் போனார்.

"ஐயா, அன்னைக்கு ஒரு சத்தந்தான் கேட்டுச்சு" என்றேன்.

மேற்பார்வையாளர் சிரித்தார். "ஆச்சிக்குக் காதே கேக்காது. டீ கேட்டா வெந்நி கொண்டாருவா."

"நீங்க கேக்குத லெச்சணம் அப்படி."

இன்ஜினியர் வயரைத் தொட்டார். கையோடு வந்துவிட்டது. முனையில் இருக்கும் கொக்கி அன்றைக்கே மாட்டிக்கொள்ளவில்லை. மோட்டார் அதிர்வில் பைய நழுவியிருக்கிறது. அழுத்திச் சொருகினார். 'டிக்.' மோட்டார்களை ஓடவிட்டு, முதலாவதை வேண்டுமென்றே அணைத்துப் பார்த்தார். எதுவும் நிற்கவில்லை.

"என் தப்புதாம்மா" என்றார், இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தி.

"வாயால சொன்னாப் போதாது. நோட்டுல என்னையல்லா எழுதியிருக்கு. அத அடிக்கச் சொல்லுங்க."

"அத யாரு ஆச்சி படிக்கப் போறா?" என்றார் மேற்பார்வையாளர்.

"நான் படிச்சேம்லா."

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. வரியை அடித்துவிட்டுக் கீழே எழுதினார். இருவரும் ஜீப்பில் ஏறிப் போனார்கள்.

விரலை வைத்து வாய்விட்டுப் படித்தேன். 'வயர் சரியாகச் சொருகப்படாததால்.' யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. வீட்டுக்குப் போனாலும் ஆள் இல்லை. மோட்டார் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம், கொஞ்சம் சத்தமாகப் படித்தேன்.