வியாழக்கிழமை வரை யாரும் ஃபோன் செய்யக் கூடாது

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மின்னஞ்சல் வந்தபோது கோரின் நோவாக் துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் துண்டுகளைத் திணித்துக்கொண்டிருந்தாள். உங்களுக்கு எந்த இடமும் கிடைக்கவில்லை, வருந்துகிறோம் என்றிருந்தது. படித்தாள். சலவைத்தூளை அளந்து போட்டாள். மூடியை இறக்கிப் பொத்தானை அழுத்தினாள்.

ஒமாஹா நகரத்து மருத்துவக் கல்லூரியில் மார்ச் மாதத்தின் இந்த ஒரு வாரத்தை எல்லோருக்கும் தெரியும். நான்கு வருடம் மருத்துவம் படித்தவர்களுக்கு எந்த மருத்துவமனையில் பயிற்சி என்று கணினி பொருத்திச் சொல்லும். இடம் உண்டா இல்லையா என்பது திங்களன்று தெரிந்துவிடும். எங்கே என்பது வெள்ளிக்கிழமை, உறைக்குள். பயிற்சி இடம் இல்லாதவர் பட்டம் வாங்கலாம், வைத்தியம் பார்க்க முடியாது.

கோரினுக்கு இருபத்தெட்டு வயது. எண்ணூறு பேர் இருக்கும் ஊர். அங்கிருந்து மருத்துவம் படிக்க வந்த முதல் ஆள். எலும்பு அறுவை சிகிச்சைக்கு மட்டுமே விண்ணப்பித்தாள். இன்னொரு துறையும் போடச் சொன்னார்கள். போடவில்லை.

"அழுதிடுடீ, பரவால்ல," என்றாள் அறைத்தோழி தெல்மா. அவளுக்குக் குழந்தை மருத்துவத்தில் இடம் கிடைத்திருந்தது. சிரிக்கவும் முடியாமல் சும்மா இருக்கவும் முடியாமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வரல. நீ அந்தத் தட்டை மூணாவது தடவையா கழுவற."

மிச்சமான இடங்களுக்கு நாற்பத்தைந்து விண்ணப்பங்கள் போடலாம். அன்று மாலைக்குள் போட்டுவிட்டாள். இனி மருத்துவமனைதான் கூப்பிட வேண்டும். மாணவரோ, பெற்றோரோ, ஆசிரியரோ அவர்களாகக் கூப்பிட்டால் விதிமீறல். வியாழக்கிழமை, இடம் தருகிறோம் என்ற செய்திகள் நான்கு சுற்றாகத் திரையில் வரும். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல இரண்டு மணி நேரம்.

செவ்வாயன்று ஒரு மருத்துவமனை அவளை ஃபோனில் நேர்காணல் செய்தது. சொந்த ஊரிலிருந்து நாற்பது மைல். ஐந்து வருடப் பொது அறுவை சிகிச்சைப் பயிற்சி, முழுதாக. கேட்டவர்கள் நன்றாகவே பேசினார்கள். அதை அப்பாவிடம் சொன்னாள். அங்கேதான் தப்பு நடந்தது.

அப்பா லைல் நோவாக் வயல்களில் சுற்றி வரும் பாசன இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். அவர் ஊர்ப் பக்கத்தில் ஒரு வேலை ஆக வேண்டுமென்றால் தெரிந்தவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்வார்கள். அது சிபாரிசு இல்லை, மரியாதை. புதன்கிழமை மதியம் அவர் உற்சாகமாகப் பேசினார்.

"கண்ணு, வேலை முடிஞ்ச மாதிரிதான்! அங்க ஆபரேஷன் பிரிவுக்குத் தலைவர் இருக்காரே, அவர் வயல் மெஷினைப் பார்க்கறதே நான்தான். சும்மா ஒரு வார்த்தை போட்டு வெச்சேன்."

"எப்போ?"

"காலைல. மனுஷன் சட்டுனு வெச்சிட்டார். வேலையா இருந்திருப்பார்."

"அப்பா, அது கூடாதுன்னு நான் சொல்லல?"

"நீ பேசக் கூடாதுன்னுதானே சொன்ன? நான்தானே பேசினேன்."

கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. ஃபோனை வைத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு கல்லூரிக்கு நடந்தாள்.

மாணவர் பிரிவுத் தலைவி திருமதி ஆஸ்டர்கிரென் அவள் சொன்னதைக் கேட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இடம் பொருத்தற அமைப்புக்கு நாமே எழுதிக் குடுத்திடலாம்மா. அந்த ஆஸ்பத்திரி சொல்லி வெளிய வந்தா நாற்பத்தஞ்சும் போயிடலாம். நீ சொன்னா அந்த ஒண்ணோட நிக்கும்னு நினைக்கறேன். நிச்சயமாச் சொல்ல முடியாது."

"அந்த ஒண்ணுதான் நல்லாப் பேசினாங்க."

"தெரியும்."

கோரின் நான்கு வரி எழுதிக் கையெழுத்திட்டாள். தேதியைத் தப்பாகப் போட்டு, அடித்துத் திருத்தினாள். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. அந்த மருத்துவமனை அவளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது, மற்றவை நிற்கும்.

வியாழக்கிழமை முதல் சுற்றில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. ஜன்னலுக்குக் கீழே அப்பாவின் வண்டி நின்றது. விடியற்காலையிலேயே கிளம்பி வந்திருக்கிறார்; மேலே வரவில்லை. தெல்மா போய்க் கூப்பிட்டாள். "நான் இங்கயே இருக்கேன்மா, நான் எதையும் தொடாம இருக்கறதே நல்லது," என்றாராம்.

மூன்றாவது சுற்றில் திரையில் ஒரு வரி வந்தது. ஃபார்கோ, வடக்கே வேறு மாநிலத்து நகரம். அறுவை சிகிச்சை, ஒரே ஒரு வருடம். அதற்குப் பிறகு இடம் உண்டென்ற உறுதி இல்லை. நான்காவது சுற்றில் இதைவிட நல்லது வரலாம், வராமலும் போகலாம். இதை வேண்டாமென்றால் இது திரும்பி வராது.

ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யோசித்தாள் என்று சொல்ல முடியாது. பிறகு ஏற்கிறேன் என்பதை அழுத்தினாள்.

கீழே இறங்கி வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தாள். அப்பா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார், வண்டி ஓடாமலே.

"ஃபார்கோ. ஒரு வருஷம்."

"அப்புறம்?"

"அடுத்த மார்ச்ல மறுபடி இதே."

அவர் தலையாட்டினார். "சந்தோஷமா இருக்கா?" என்று கேட்டார்.

"தெரியலப்பா. இன்னும் எதுவும் வரல."

கண்ணாடியில் ஈரப்பனி விழுந்தது. துடைப்பானை ஒரு முறை ஓடவிட்டார்.

"ஃபார்கோல உங்களுக்கு யாரையாவது தெரியுமா?"

"ஒருத்தனையும் தெரியாது."

"நல்லது," என்றாள் கோரின், பெல்ட்டை மாட்டிக்கொண்டே.