பெற்றவளுக்குக் கொடுக்காத தண்ணீர்

மைசூருவின் ஓரத்தில், கட்டட வேலைக்கு வந்த குடும்பங்கள் தகர ஷெட்டுகளில் குடியிருக்கும் பகுதியில் எங்கள் சுகாதார நிலையம். ரத்த அழுத்தம் பார்க்கலாம், சிறுநீர் சோதிக்கலாம். அதற்கு மேல் என் கண்ணையும் வாயையும் வைத்துத்தான் வைத்தியம்.

ஒரு மத்தியானம் கொத்தனார் ஒருவர் மனைவியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். பிள்ளை பெற்று ஒரு வாரம்கூட ஆகவில்லை. தலைவலி என்று அழுதுகொண்டே இருந்தவளுக்குக் காலையில் வலிப்பு. என் கண்முன்னே மறுபடி இழுத்தது. ஊசி போட்டு நிறுத்தினேன். பிரசவத்தை ஒட்டி வலிப்பு என்றாலே ரத்த அழுத்தம்தான் எங்களுக்கு முதலில் தோன்றும். இவளுக்கு அது சரியாக இருந்தது. சிறுநீரிலும் கோளாறில்லை. அப்போதுதான் நாக்கைப் பார்த்தேன். வறட்டியாகக் காய்ந்திருந்தது.

பேறுகாலம் பார்க்க ஹனூர் பக்கத்திலிருந்து வந்திருந்த அவள் அம்மாவிடம், குடிக்க என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"பெத்த ஒடம்பு, தண்ணி குடுத்தா வவுறு பெருத்துருமுங்களே. மாத்திரைக்கு ஒரு முழுங்குதானுங்க குடுத்தேன்."

கொளுத்துகிற வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, பாலும் கொடுக்கிறவளுக்கு ஒரு முழுங்கு! பிரசவமான உடம்பில் ரத்தம் சீக்கிரம் உறையும். நீரும் வற்றினால் மூளையின் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்துக்கொள்ளும். அபூர்வம்தான். ஸ்கேன் இல்லாமல் எதை வைத்துச் சொல்வது? பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால், வழக்கமான வலிப்புதான், அங்கேயே வைத்துப் பாருங்கள் என்றார்கள். தலையை ஸ்கேன் எடுக்கும்வரை உங்கள் வாசலில்தான் உட்கார்ந்திருப்பேன் என்று கத்திவிட்டு, குளுக்கோஸ் பாட்டிலைக் கையில் பிடித்தபடி நானும் ஆம்புலன்ஸில் ஏறினேன். வழியெல்லாம் பயம். அந்தப் பயத்தையெல்லாம் சேர்த்து, கூட ஏறியிருந்த அந்த அம்மாவைத்தான் திட்டினேன். நீங்கள் பெற்றவளா, பகையாளியா என்றுகூடக் கேட்டேன்.

ஸ்கேனில் ரத்தக்கட்டி தெரிந்தது. கரைக்க மருந்து கொடுத்தார்கள்.

சில நாள் கழித்துப் பார்க்கப் போனேன். எழுந்து உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்பாடா என்றிருந்தது. அவள் அம்மா என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார்.

"இவளுக்கு மூத்தவ ஒருத்தி இருந்தாளுங்க. அவளும் பெத்த வாரத்துலயே தலவலின்னா. இப்படித்தானுங்க இழுத்துப் போயிட்டா. காத்துக்கருப்புன்னாங்க. அவளுக்கும் நாந்தானுங்க பேறுகாலம் பாத்தது. தண்ணி தண்ணின்னு கெஞ்சுனா. அதுவும் இதேதானுங்களா?"

"இல்லம்மா, அது வேற" என்றேன், அவர் கண்ணைப் பார்க்காமல்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார்.